விண்ணப்பமும் யந்திரமும்

லிங்க்டின் என்னும் அமெரிக்க உத்தியோகத் தளத்தில் நிமிஷம் ஒன்றுக்குச் சராசரி 11,000 விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன என்றும், ஒரே வருஷத்தில் விண்ணப்பங்களின் தொகை நூற்றுக்கு 45-க்கு மேல் பெருகிவிட்டது என்றும் 2025 ஜூன் மாதத்தில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை எழுதியது. உத்தியோகங்கள் அந்த அளவுக்குப் பெருகினவா என்றால், இல்லை. வேலை தேடும் மனிதர்களாவது அந்த அளவுக்குப் பெருகினார்களா என்றால், அதுவும் இல்லை. பெருகியது விண்ணப்பம் செய்யும் வேகமே. ஒரு மணி நேரம் உட்கார்ந்து நிரப்பவேண்டிய படிவத்தை இன்று பிரௌசரோடு சேர்ந்த சிறு கருவிகள் சில நொடிகளில் நிரப்பிவிடுகின்றன. சில கருவிகள் படிவத்தை நிரப்புவதோடு நில்லாமல், உத்தியோகத்தைத் தேடிப்பிடித்து, கேள்விகளுக்குப் பதிலும் எழுதி, உரியவன் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அனுப்பியும் விடுகின்றன.

இதைக் கண்டு சிலர் அளவு கடந்து ஆனந்திக்கின்றனர். வேறு சிலர் இக்கால வாலிபர்கள் சோம்பேறிகளாகிவிட்டனர் என்று தூஷிக்கின்றனர். இவ்விரண்டு கட்சியாரும் விஷயத்தை ஆராயாமல் பேசுகின்றனர் என்பதே நமது அபிப்பிராயம். எந்த வேலையை யந்திரத்திடம் விடலாம், எதை விடலாகாது என்ற எல்லையை முதலில் நிர்ணயித்துக்கொண்டால், நிந்தையும் ஸ்தோத்திரமும் தாமே அடங்கிவிடும்.

முதலில் வாலிபர்களின் கஷ்டத்தைச் சொல்லுவோம். பெரிய கம்பெனிகளில் விண்ணப்பம் செய்ய விரும்பும் ஒருவன் தன் கல்வி, அனுபவம் முதலியவற்றை ஒழுங்காக எழுதிய ரெஸ்யூமேயை முதலில் ஏற்றவேண்டும். ஏற்றிய பிறகு, அதே விவரங்களைக் கட்டம் கட்டமாகத் திரும்ப எழுதும்படி படிவம் கேட்கிறது. கம்பெனியின் யந்திரம் ரெஸ்யூமேயைத் தானே படித்துக் கட்டங்களை நிரப்புவதும் உண்டு. ஆனால் கலாசாலையின் பெயரை உத்தியோகக் கட்டத்திலும், மாதத்தை வருஷத்தின் கட்டத்திலும் அது போட்டுவைத்தால் திருத்தும் உழைப்பு இவன் தலையில் விழுகிறது. வொர்க்டே என்னும் கம்பெனியின் நிரலை உபயோகிக்கும் ஸ்தாபனங்களை எடுத்துக்கொள்வோம். நிரல் ஒன்றே ஆயினும், ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனிக் கணக்கும் தனித்தனிக் கடவுச்சொல்லும் ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஐம்பது கம்பெனிகளுக்கு எழுதுபவன் தன் பெயரையும் விலாசத்தையும் ஐம்பது முறை எழுதுகிறான். இவ்வளவு உழைப்பும் எதற்கு? பெரும்பாலும் பதிலே வராத ஒரு விண்ணப்பத்துக்கு. ஒரு முறை சொன்னதை ஐம்பது முறை சொல்லச் சொல்பவன் மீது வராத கோபம், அதைச் சொல்ல ஒரு கருவியை நாடுபவன் மீது மட்டும் வருவது எவ்வகை நியாயம்?

இனி, கருவிகளின் தன்மையைப் பார்ப்போம். அவை மூவகைப்படும்.

முதல் வகை, பிரௌசரிலேயே அடங்கியது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி முதலிய பிரௌசர்கள் நமது பெயர், விலாசம், தொலைபேசி எண் ஆகியவற்றை நினைவில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது கட்டத்தில் இடுகின்றன. இந்தக் கட்டம் பெயருக்கு, இது தபால் குறியீட்டுக்கு என்று அடையாளம் காட்டப் பக்கங்களை அமைப்போர் வைக்கும் குறிச்சொற்கள் பொதுவான ஒரு ஜாபிதாவில் வகுக்கப்பட்டுள்ளன. அந்த ஜாபிதாவில் பெயரும் விலாசமும் உண்டு. ஆனால் எந்தக் கலாசாலையில் எந்த வருஷம் படித்தான், அதற்கு முன் எங்கெங்கே வேலை பார்த்தான் என்பவற்றுக்குக் குறிச்சொல் இல்லை. முதல் பக்கத்தை மின்னல் வேகத்தில் நிரப்பிய பிரௌசர் இரண்டாம் பக்கத்தில் ஊமையாக நிற்பதன் காரணம் இதுவே.

அந்தக் குறையைத் தீர்க்க வந்தவை இரண்டாம் வகை. எக்ஸ்டென்ஷன் என்று வழங்கும் இவை பிரௌசரோடு ஒட்டிக்கொள்ளும் துணைக் கருவிகள். நமது கல்வியையும் உத்தியோக வரலாற்றையும் ஒரு முறை பெற்று வைத்துக்கொண்டு, பற்பல கம்பெனிகளின் படிவங்களை அடையாளம் கண்டு நிரப்புகின்றன. நிரப்பியதைப் பார்த்து, திருத்தி, அனுப்பும் பொத்தானை அழுத்துபவர் நாமே.

மூன்றாம் வகையில் அந்தப் பொத்தானும் நம் கையில் இல்லை. இன்ன ஊர், இன்ன தொழில் என்று சொல்லிவிட்டால் போதும். செயற்கை நுண்ணறிவின் துணைகொண்டு அது கண்ணில் பட்ட உத்தியோகங்களுக்கெல்லாம் எழுதித் தள்ளுகிறது. லிங்க்டின் தளத்தின் நிபந்தனைகள் இத்தகைய தானியங்கிக் கருவிகளை அனுமதிப்பதில்லை. மீறியவரின் கணக்கு முடக்கப்படலாம். வேலை தேடுபவனுக்கு அந்தக் கணக்கு போவது கடைவீதியில் கடையை இழப்பதற்குச் சமானம்.

முதலிரண்டு வகைகளுக்கும் மூன்றாவதற்கும் உள்ள பேதம் வேகத்தில் இல்லை, பொறுப்பில் இருக்கிறது. இதுவே நாம் வற்புறுத்த விரும்பும் விஷயம். படிவத்தில் உள்ள கேள்விகள் யாவும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை அல்ல. பெயர், விலாசம், படித்த வருஷம் இவை குறிப்புகள். யார் எழுதினாலும் மாறா. ஆனால் 'இந்தத் தேசத்தில் வேலை செய்யச் சட்டப்படி உமக்கு உரிமை உண்டா?', 'இந்தத் தொழிலில் எத்தனை வருஷ அனுபவம்?', 'வேறு ஊருக்கு மாறச் சம்மதமா?', 'எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்?' என்பவை வாக்குமூலங்கள். பல படிவங்களில் இத்தகைய கேள்விகளுக்கு ஒரு பதில் மாறினாலே விண்ணப்பம் அப்பொழுதே தள்ளப்பட்டுவிடும். முன்பு எங்கோ எழுதிய எண்ணை யந்திரம் இங்கே இட்டால், இரண்டில் ஒன்று நேரும். தகுதியுள்ளவன் தள்ளப்படுவான், அல்லது தகுதியில்லாதவன் பொய் சொன்னவனாவான். படிவத்தின் கடைசியில், 'மேலே கண்டவை யாவும் உண்மை' என்ற உறுதிமொழி நிற்கிறது. அதற்கு நேரே அடையாளமிட்டது ஒரு கருவி என்று பின்னர் விசாரணையில் சொன்னால் எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார், எந்த நீதிபதியும் ஏற்கமாட்டார். தன் முத்திரையை வேலைக்காரனிடம் கொடுத்துவிட்டு உறங்கியவன், காலையில் எழுந்து பத்திரம் என்னுடையதல்ல என்று சொல்ல முடியுமா?

மற்றொரு அபாயமும் உண்டு. எக்ஸ்டென்ஷனைச் சேர்க்கும்போது, 'நீங்கள் காணும் எல்லாத் தளங்களிலும் உள்ள விவரங்களைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்பது உண்டு. அந்த அனுமதியைக் கொடுத்தவன் விண்ணப்பப் படிவத்தை மாத்திரம் திறந்து காட்டவில்லை, தன் பாங்கிக் கணக்கின் பக்கத்தையும் கடிதப் பெட்டியையும் சேர்த்தே காட்டுகிறான். கருவியைச் செய்தவர் யோக்கியரானாலும் ஆபத்து நீங்குவதில்லை. 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்னும் பாதுகாப்புக் கம்பெனியின் எக்ஸ்டென்ஷனே திருடர் கையில் சிக்கியது. கம்பெனியைச் சேர்ந்த ஒருவரைப் போலிக் கடிதத்தால் ஏமாற்றி, விஷம் கலந்த புதுப் பதிப்பை உபயோகிப்போரின் பிரௌசர்களுக்குத் தானாகவே சென்று சேரும்படி செய்துவிட்டனர். காவல் தொழிலையே மேற்கொண்டவர் கதி இதுவானால், பெயர் தெரியாத ஒருவர் இலவசமாகக் கொடுக்கும் கருவியைப்பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. பிரௌசரின் சொந்த நினைவும் முற்றிலும் பத்திரமானதன்று. பெயர், மின்னஞ்சல் என இரண்டு கட்டங்களை மாத்திரம் காட்டிவிட்டு, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்த கட்டங்களில் தொலைபேசி எண்ணையும் விலாசத்தையும் பிரௌசரிடமிருந்து கறக்கலாம் என்பதை 2017-ல் ஃபின்லாந்து தேசத்து நிரலர் ஒருவர் செய்து காட்டினார். பொய் உத்தியோக விளம்பரங்கள் மலிந்த இக்காலத்தில் இதை நினைவில் வைப்பது நலம்.

நிற்க. விண்ணப்பங்கள் வெள்ளமாக வந்தால் கம்பெனிகள் என்ன செய்யும்? வெள்ளத்தைக் கையால் இறைக்க முடியாதென்று, தாமும் யந்திரச் சல்லடைகளை வைக்கின்றன. சல்லடை கடுமையாகக் கடுமையாக, பத்துக்கு எழுதியவன் நூறுக்கு எழுதுகிறான். அவன் நூறுக்கு எழுத எழுத, சல்லடையின் கண் இன்னும் குறுகுகிறது. இந்தச் சக்கரத்தில் அரைபடுபவர் யார்? ஹார்வர்ட் வர்த்தகக் கலாசாலையாரும் அக்ஸெஞ்சர் கம்பெனியாரும் 2021-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், விசாரிக்கப்பட்ட கம்பெனித் தலைவர்களில் நூற்றுக்கு 88 பேர், தகுதியுள்ள உயர் திறமையாளர்கள்கூடக் குறிப்பிட்ட சொற்களும் நிபந்தனைகளும் பொருந்தாத காரணத்தால் தங்கள் யந்திரங்களால் தள்ளப்படுவதாக ஒப்புக்கொண்டனர். ஆறு மாதத்துக்கு மேல் வேலையின்றி இருந்தவர் என்ற ஒரே காரணம் பலரைக் கழித்துக்கட்டப் போதுமானதாயிருந்தது. பிரசவத்துக்காக ஓய்ந்திருந்த ஸ்திரீயும், தாய் தந்தையின் நோய்க்குத் துணையிருந்த மகனும் யந்திரத்தின் கண்ணுக்கு ஒன்றே: இடைவெளி. அமேஸான் கம்பெனி பரீட்சார்த்தமாகச் செய்த ஒரு தேர்வு யந்திரம் பெண்களின் விண்ணப்பங்களைத் தாழ்த்தி மதிப்பிட்டதால் கைவிடப்பட்டது என்று 2018-ல் ராய்ட்டர் செய்தி ஸ்தாபனம் தெரிவித்ததும் நினைவிருக்கலாம்.

இவ்விஷயம் இப்பொழுது நீதிமன்றத்தையும் எட்டியிருக்கிறது. வொர்க்டே கம்பெனியின் மீது மோப்லி என்பவர் 2023 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் உள்ள ஸமஷ்டி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். தாம் நூற்றுக்கு மேற்பட்ட உத்தியோகங்களுக்கு அந்நிரலின் வழியாக விண்ணப்பித்தும் ஒவ்வொன்றிலும் தள்ளப்பட்டதாகவும், அதற்குத் தமது இனமும் வயதும் காரணம் என்றும் அவர் வாதிக்கிறார். அவர் கூறும் ஒரு சம்பவம் சிந்திக்கத்தக்கது. நள்ளிரவு கழிந்து 12.55 மணிக்கு விண்ணப்பித்தார். 1.50 மணிக்கு மறுப்பு வந்துவிட்டது. அந்த வேளையில் எந்த அதிகாரி விழித்திருந்து அவருடைய தகுதியை நிறுத்துப் பார்த்தார்? கம்பெனி குற்றச்சாட்டை மறுக்கிறது. உத்தியோகம் கொடுப்பவர் தாங்கள் அல்லவென்றும், நிரலை விற்றவர் மாத்திரமே என்றும் கூறுகிறது. ஆயினும் 2024 ஜூலையில் நீதிபதி ரீட்டா லின், முதலாளிகளின் ஏஜெண்டு என்ற முறையில் நிரல் கம்பெனியின் மீதே வழக்கு நடக்கலாம் என்று தீர்மானித்தார். 2025 மே மாதத்தில், நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன மற்ற விண்ணப்பதாரர்களும் வயது பேதத்தைப்பற்றிய கோரிக்கையில் சேர்ந்துகொள்ளப் பூர்வாங்க அனுமதி அளித்தார். சம்பந்தப்பட்ட காலத்தில் தங்கள் நிரலின் மூலம் மறுக்கப்பட்ட விண்ணப்பங்கள் 110 கோடி என்று கம்பெனியே நீதிமன்றத்தில் தெரிவித்தது. இவை இறுதித் தீர்ப்புகள் அல்ல. ஆனால் யந்திரம் செய்தது, எனக்குத் தெரியாது என்ற சமாதானம் இனி எளிதில் செல்லாது என்பதற்கு இவை முன்னடையாளம்.

சட்டங்களும் மெல்ல அசைகின்றன. நியூயார்க் நகரத்தில் 2023 ஜூலை 5 முதல் அமலில் உள்ள சட்டப்படி, இத்தகைய தேர்வுக் கருவியை உபயோகிப்பவர் அதைப் பாரபக்ஷம் உண்டா என்று வருஷந்தோறும் வெளியாரைக்கொண்டு தணிக்கை செய்வித்து முடிவைப் பிரசுரிக்கவேண்டும், விண்ணப்பதாரருக்கு முன்கூட்டி அறிவிக்கவேண்டும். ஐரோப்பிய யூனியனில் 2018 முதல், முற்றிலும் யந்திரமே செய்யும் முக்கிய தீர்மானங்களுக்கு மனிதனைக் கட்டுப்படுத்தலாகாது என்ற உரிமை உண்டு. 2024-ஆம் வருஷத்துச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் உத்தியோகத் தேர்வுக் கருவிகளை அபாயம் மிகுந்தவற்றின் வரிசையில் வைத்திருக்கிறது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடப்பது நமக்கென்ன என்று கேட்கவேண்டாம். அதே பிரௌசரைக்கொண்டு அதே கம்பெனிகளின் அதே படிவங்களையே நமது வாலிபர்களும் நிரப்புகிறார்கள். அன்றியும், விண்ணப்ப வெள்ளம் நமக்குப் புதிதல்ல. 2019-ல் ரயில்வே இலாகா அறிவித்த சுமார் 35,000 உத்தியோகங்களுக்கு ஏறத்தாழ 1.25 கோடி பேர் விண்ணப்பித்தனர். படிவத்தைப் பிறரைக்கொண்டு நிரப்பும் வழக்கமும் நமக்குப் பழையதே. சொந்தக் கம்ப்யூட்டர் இல்லாத கிராமத்துப் பையனுக்கு இன்றும் கைகொடுப்பது கடைத்தெருவில் உள்ள பிரௌசிங் சென்டர்காரரே. அவர் வேகமாக நிரப்புகிறார். எழுத்தொன்று பிசகினால் அனுபவிப்பவன் பையன்.

இதற்கு ஒரு வழக்கே சாட்சி. பீகார் மாகாணத்தில் 2017-ஆம் வருஷத்து அறிவிப்பின் பேரில் போலீஸ் உத்தியோகத்துக்கு விண்ணப்பித்த ஓர் ஏழை வாலிபர், தம் கிராமத்துக்கு வெளியே இருந்த இன்டர்நெட் கடையில் படிவத்தை நிரப்பச் செய்தார். பிறந்த தேதி 18 என்பதற்குப் பதில் 8 என்று பதிந்துவிட்டது. அதனால் வயதிலோ தகுதியிலோ அவர் ஓர் அணுவும் லாபமடையவில்லை. பரீட்சையிலும் தேகத் தேர்விலும் தேறிய பிறகு, இந்தப் பிசகைக் காட்டி அவரைத் தள்ளிவிட்டனர். பாட்னா ஹைகோர்ட்டில் அவருக்கு நியாயம் கிட்டவில்லை. 2024 ஜனவரி 2-ல் சுப்ரீம் கோர்ட்டுதான் இப்பிசகு அற்பமானதென்று கூறி, அவருக்கு உத்தியோகம் அளிக்குமாறு உத்தரவிட்டது. நியாயம் வென்றது, உண்மை. ஆனால் ஒற்றை எண்ணுக்காக வாலிபத்தின் சிறந்த வருஷங்கள் கோர்ட்டு வாசலில் கழிந்தன. எல்லா ஏழைகளும் டில்லி வரையில் சென்று வழக்காட இயலுமா? மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. அற்பப் பிசகை மன்னித்த அதே நீதிமன்றம், முக்கிய விஷயத்தில் பொய்யுரைப்பதையும் மறைப்பதையும் மன்னிப்பதில்லை. 2016-ல் அவதார் சிங் வழக்கில் அது இவ்வித்தியாசத்தை விரிவாக வகுத்திருக்கிறது. கை தவறுவது வேறு, வாய் தவறுவது வேறு. முன்னதைக் கருவி செய்தாலும் பொறுக்கலாம். பின்னதை எவர் செய்தாலும் பொறுப்பதற்கில்லை.

ஆகவே, பரிகாரம் இரு பக்கத்திலும் வேண்டும். உத்தியோகம் கொடுப்போர் முதலில் தங்கள் படிவத்தைச் சுருக்கட்டும். ரெஸ்யூமேயில் உள்ளதைத் திரும்பக் கேட்கவேண்டாம். முதல் வடிகட்டலுக்கு வேண்டிய ஐந்தாறு கேள்விகளைக் கேட்டு, மற்றவற்றைத் தேர்ந்தவர்களிடம் மாத்திரம் கேட்கட்டும். இது ஆகாத காரியம் அல்ல. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தில் 150 ரூபாய் கட்டி ஒருமுறைப் பதிவு செய்துகொண்டால், ஐந்து வருஷம் வரையில் அந்த விவரங்களைக்கொண்டே விண்ணப்பிக்கலாம். யூனியன் பப்ளிக் ஸர்வீஸ் கமிஷனும் 2022 ஆகஸ்டில் ஒருமுறைப் பதிவை ஏற்படுத்தியது. 2025-ல் தொடங்கிய புதிய தளத்திலும் பொது விவரங்களை முன்கூட்டியே நிரப்பி வைத்துக்கொள்ள இடம் செய்திருக்கிறது. சர்க்கார் செய்ததைத் தனிக் கம்பெனிகள் செய்யத் தடை என்ன? இரண்டாவதாக, விண்ணப்பத்தைத் தள்ளுவது யந்திரமானால் அதை விண்ணப்பதாரருக்கு வெளிப்படையாகச் சொல்லவேண்டும். காரணத்தைக் கேட்கவும், மனிதர் ஒருவர் திரும்பப் பார்க்கக் கோரவும் உரிமை வேண்டும். நமது 2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் விவரங்களைக் காப்பதைப்பற்றிப் பேசுகிறது. ஆனால் யந்திரம் கொடுத்த மறுப்புக்குக் காரணம் கேட்கும் உரிமையை அது அளிக்கவில்லை. இக்குறையைச் சட்டசபையில் எழுப்புவது ஜனப் பிரதிநிதிகளின் கடமை. ஊர்தோறும் வாலிபர் சங்கங்களை நடத்தும் ஊழியர்கள் இக்கோரிக்கையைக் கையில் எடுப்பார்களாக.

வாலிபர்களுக்கும் சில வார்த்தைகள். கருவியை உபயோகியுங்கள், அதில் வெட்கமில்லை. உங்கள் விவரங்களைப் பிழையற எழுதி ஓரிடத்தில் வைத்து, பெயரையும் விலாசத்தையும் கல்வியையும் பிரௌசரை நிரப்பச் சொல்லுங்கள். அறிமுகமில்லாத எக்ஸ்டென்ஷனை நாடாதீர்கள். நாடினால், விண்ணப்பத்துக்கென்று தனியாக ஒரு பிரௌசரை வைத்துக்கொண்டு, பாங்கிக் காரியங்களை அதில் செய்யாதீர்கள். வேலை முடிந்ததும் கருவியை நீக்கிவிடுங்கள். ஆதார் எண், பாங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை எந்தக் கருவியின் நினைவிலும் வைக்காதீர்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்லவேண்டிய கேள்விகளை நீங்களே படித்து நீங்களே பதில் சொல்லுங்கள். அனுப்பும் பொத்தான் எப்பொழுதும் உங்கள் விரலுக்கே உரியதாகட்டும். அனுப்பியதன் பிரதி ஒன்றைக் காப்பாற்றி வையுங்கள். நேர்முகத்தில் எதிரே இருப்பவர் கையில் இருக்கும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டாமா? பதறாத காரியம் சிதறாது என்றனர் நம் பெரியோர். கருவியால் மிச்சமான ஒரு மணியில் மேலும் ஐம்பது விண்ணப்பங்களை எறிவதைவிட, ஒரு கம்பெனியைப்பற்றி நன்கு அறிந்து ஒரு கடிதம் எழுதுவது அதிகப் பலன் தரும்.

நிரப்பும் கை எதுவாயினும் ஆகுக. கீழே நிற்கும் வாக்கு நம்முடையது. அந்த வாக்கைப் படித்து மனிதன் ஒருவன் பதில் சொல்லவேண்டும் என்று கேட்கும் உரிமையும் நம்முடையதே. முன்னதை நாம் காத்தால்தான் பின்னதைத் தலை நிமிர்ந்து கேட்க முடியும்.